இன்வுட்டில் மூன்று அறை

நியூயார்க்
9 செப்டம்பர் 1995

அன்பு நெரெய்தா,

வீடு கிடைத்துவிட்டது. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் பாக்கி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்வுட்டில், ரயில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடை. நான்காவது மாடி, மூன்று அறை. சமையலறையில் ஜன்னல் இருக்கிறது! நாம் குடியிருந்த ஐந்து வீட்டிலும் இல்லாதது. இப்போது அங்கே இருப்பவர் எமில் பாக்ராக் என்ற ஜெர்மன் யூதர், எழுபத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறார். அந்தச் சட்டம் என்னவென்று உனக்குத் தெரியும். நகர வாரியம் சொல்கிற அளவுக்கு மேல் வாடகையை ஏற்ற முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்காரன் புதுப்பித்தே ஆக வேண்டும். நம்மை பிராங்க்ஸில் துரத்தினார்களே, அப்படித் துரத்த முடியாது. நவம்பர் கடைசியில் அவர் மகனோடு அரிசோனாவுக்குப் போகிறார்.

சந்தேகம் இதுதான். வீட்டுக்காரனின் ஏஜென்ட் டானலி என்பவன் சொல்கிறான்: "கிழவர் காலி பண்ணினதோட அந்தச் சட்டம் எல்லாம் முடிஞ்சுபோச்சு. புதுசா வர்றவங்களுக்குப் புது வாடகை." நான் பாக்ராக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மழை வரும்னு அவன் சொன்னா அதை நம்பி குடை கூட வாங்காதே. மாநில ஆபீஸ்ல இந்த வீட்டோட முழுப் பதிவும் இருக்கு. குடியிருக்கிறவன் கேட்டாத்தான் குடுப்பாங்க. நான் கேட்டு எழுதறேன்" என்றார்.

கட்டடம் 1927இல் கட்டியது, நாற்பத்திரண்டு வீடு. இரண்டையும் நகராட்சிப் பதிவேட்டில் நானே பார்த்துவிட்டேன். இந்த அளவுள்ள பழைய கட்டடம் என்றால் சட்டம் பொருந்தும் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள்.

நீ பெட்டியைக் கட்டத் தொடங்கலாம்.

உன்
எவரிஸ்தோ


பராவோனா
28 செப்டம்பர் 1995

எவரிஸ்தோ,

உன் கடிதத்தை அக்கா ஃபெர்மினா முதலில் பிரித்துப் படித்துவிட்டாள், கோபப்படாதே. "பக்கம் முழுக்க வீடு, வீடு. இவருக்குப் பெண்டாட்டி இருக்கிறது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். நான் உன் பக்கம்தான் பேசினேன். பழக்கதோஷம்.

இங்கே நம் ஊரில் ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு வாரம் முழுக்க வேலை. பள்ளிக்கூடச் சமையலறையில் என்னைப் பெரிய பொறுப்பில் போட்டிருக்கிறார்கள், நூற்றெண்பது பிள்ளைகள். காலையில் அவரைப் பயறு வேகும்போது உள்ளே நிற்கவே முடியாது. மாலையில் நானும் அக்காவும் கடலோரம் நடக்கிறோம். வழியில் பத்துப் பேர் நிறுத்திப் பேசிவிடுகிறார்கள், அதனால் கடலைப் பார்ப்பதற்குள் இருட்டிவிடுகிறது.

எனக்கு ஜூலையில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தார்கள். போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இப்போது நன்றாக நடக்கிறேன்.

நீ அந்த வாடகை அறையில்தான் இன்னும் இருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறாய்?

நெரெய்தா


நியூயார்க்
21 அக்டோபர் 1995

என் நெரெய்தா,

பதிவு வந்துவிட்டது!

வியாழக்கிழமை பணிமனைக்குப் போகும் முன் பாக்ராக் வீட்டுக்குப் போனேன். உறையைப் பிரிக்காமல் எனக்காக மேசையில் வைத்திருந்தார். காப்பி ஊற்றினார், கடையில் வாங்கிய கேக் துண்டு இரண்டு. யாராவது வந்தால் மட்டும் எடுக்கிற தட்டுகள் போலிருக்கிறது, விளிம்பில் தூசி இருந்தது.

பதிவு தொடங்கிய 1984இலிருந்து ஆண்டுக்கு ஒரு வரி. சட்டப்படியான வாடகை, ஒப்பந்தம் தொடங்கிய நாள், முடிந்த நாள், குடியிருப்போர் பெயர். எல்லா வரியிலும் வாடகைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றே இருக்கிறது. டானலி சொன்னது பொய். முதல் ஏழு வரியில் அவரும் மனைவியும், 'எமில், செல்மா பாக்ராக்.' எட்டாவது வரியிலிருந்து எமில் மட்டும். அவர் விரல் அங்கே நின்றது.

"கரெக்டா எழுதியிருக்காங்க பாரு" என்றார். "அந்த வருஷம்தான் போனா. எனக்குத்தான் அப்பப்போ மறந்துபோகுது, ரெண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன்."

நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

மறுநாள் தாளின் நகலோடு டானலியைப் பார்த்தேன். படித்துவிட்டு, "இதை யாரு உனக்குக் குடுத்தது?" என்றான். "படிக்கத் தெரிஞ்சவர் குடுத்தாரு" என்றேன். அரை மணி நேரம் தொலைபேசியில் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். சட்டப்படியான வாடகைக்கே ஒப்பந்தம், டிசம்பர் முதல் தேதி.

ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் போடச் சொல்லப் போகிறேன். நீ வந்து என்னோடு குடியிருந்தால், நாளை நான் செத்துப்போனாலும் வீடு உன்னிடமே இருக்கும். யாரும் அசைக்க முடியாது. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் பாஸ்போர்ட் நகலை உடனே அனுப்பு. விமான டிக்கெட்டும் பார்த்து வைத்திருக்கிறேன், டிசம்பர் ஒன்பது.

உன்
எவரிஸ்தோ


பராவோனா
8 நவம்பர் 1995

எவரிஸ்தோ,

பாஸ்போர்ட் நகல் அனுப்பவில்லை. என் பெயரைப் போடாதே.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நீ கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு வந்ததில்லை, கை ஓங்கியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. ஐந்து வீடு மாறினோம், ஒவ்வொரு முறையும் நீ வந்து, "சனிக்கிழமை போறோம்" என்பாய். நான் பெட்டி கட்டுவேன். நீ மாலை ஷிஃப்டுக்குப் போய்விடுவாய். பெயர் தெரியாத தெருவில், மொழி தெரியாத அண்டை வீட்டார் நடுவில், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வாடகை ஏறியதால் நான் ஊருக்கு வந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே நினைக்க விட்டேன். அது என் தப்பு.

நீ செத்த பிறகு நான் எங்கே இருப்பேன் என்று யோசித்திருக்கிறாய். உயிரோடு இருக்கும்போது நான் எங்கே இருக்க விரும்புகிறேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இங்கேதான் இருக்க விரும்புகிறேன்.

அந்த வீட்டை விட்டுவிடாதே. இவ்வளவு பாடுபட்டுச் சரிபார்த்திருக்கிறாய். உன் அறை ஈரம் உன் நெஞ்சுக்கு ஆகாது.

என் குளிர் மேலங்கி உன்னிடம் இருக்கிறது. குளிர் தொடங்கும் முன் யாருக்காவது கொடுத்துவிடு. நல்ல கம்பளி.

நெரெய்தா


நியூயார்க்
16 டிசம்பர் 1995

நெரெய்தா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். டானலி, "ரெண்டாவது பேரு?" என்று கேட்டான். "நான் மட்டும்தான்" என்றேன். அந்த இடத்தில் கோடு போட்டான்.

பாக்ராக் போய்விட்டார். மகன் வண்டியை ஓட்டி வந்திருந்தான், கடைசிப் பெட்டியை நான்தான் இறக்கினேன். சாவியைக் கையில் வைத்து, "வீட்டுக்குச் சூடு கொண்டுவர்ற நீராவிக் குழாய் ராத்திரி கதவைத் தட்டற மாதிரி தட்டும். யாரோ வந்துட்டாங்கன்னு எழுந்து போகாதே. நான் ஒரு வருஷம் போனேன்" என்றார்.

மேலங்கியை மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். கானா நாட்டிலிருந்து வந்து முதல் குளிர்காலம். மேலங்கியின் கை அவளுக்குக் கொஞ்சம் நீளம், மடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறேன் என்று செப்டம்பரில் கேட்டிருந்தாய். பதில் சொல்லவில்லை. பிராட்வேயில் உணவுக்கடை கவுண்டரில் சோறும் அவரையும். இப்போது வீட்டில் சமைத்துப் பார்க்கிறேன். அவரை வேகவே மாட்டேன் என்கிறது.

ஜூலைக் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். முழங்காலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அப்போது அதை எப்படித் தாண்டிப் படித்தேன் என்று தெரியவில்லை. இப்போது வலி இருக்கிறதா? படி ஏற முடிகிறதா? பிள்ளைகள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? தாமதமாகக் கேட்கிறேன், தெரியும்.

உடனே எழுத வேண்டியதில்லை. தோன்றும்போது எழுது, அடுத்த வருடமானாலும் சரி. இந்த முகவரி மாறாது.

எவரிஸ்தோ