இரண்டாவது கதவுக்கு இந்தப் பக்கம்

இன்று காலை ஆபீசுக்கு வந்த கணவன் மனைவி இருவரும் போனை என் முன்னால் நீட்டி, "இதே மாதிரி வாசல் வேணும் மேடம்" என்றார்கள். உன் வீட்டு வாசல். கடப்பா கல்லில் வளைவான பெஞ்ச், அதன் மேல் மஞ்சள் விளக்கு, மூலையில் பித்தளை உருளியில் நீ மிதக்கவிட்ட செவ்வரளி. உன் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் நான் எடுத்த படம். என் வேலைக்கு விளம்பரமாக ஊரெல்லாம் அனுப்பினதும் நான்தான். "உள்ள எப்படி இருக்கும் மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "கட்டும்போது பார்த்தது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, சிவில் டிப்ளமோ படித்த மூன்று வருடமும் நாம் ஒரே சீட்டு. நான் காலனிப் பெண், நீ நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண். மத்தியானம் என் டிபன் பாக்ஸில்தான் உன் கை இருக்கும். "உங்கம்மா கொழம்புக்கு எங்க ஊட்டு சமையல் கிட்ட வராதுடி" என்பாய். அந்த மூன்று வருடத்தில் சாதி என்ற பேச்சே நமக்குள் வந்ததில்லை. தேவைப்படவில்லை என்று நினைத்தேன், மக்கு மாதிரி.

கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலைக்குப் போகவில்லை. செஞ்சியிலேயே வீடு கட்டப் போகிறோம் என்றதும் என்னைத்தான் கூப்பிட்டாய். மற்ற அறைகளை என்னிடம் விட்டுவிட்டு வாசலை மட்டும் நீயே கையில் எடுத்துக்கொண்டாய். "வந்து நிக்கிறவங்கள வான்னு கூப்புடணும்டி அந்த எடம்." பத்துக்கு எட்டில் ஒரு முன்னறை. உள்ளே போகும் இரண்டாவது கதவு நேராக இல்லாமல் பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவருக்கு வீடு தெரியாதபடி. கால் கழுவக் குழாய், கை கழுவ ஒரு பேசின், ஃபேன், போனுக்கு பிளக். தண்ணி ஃபில்டருக்கும் டம்ளருக்கும் சுவரில் ஒரு மாடம். "இன்னாடி, வர்றவங்க இங்கயே குடித்தனம் பண்ணிடுவாங்க போல இருக்குது" என்று கிண்டல் பண்ணினேன். நீ வெகுநேரம் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெஞ்சுக்கு நான் பட்ட பாடு கொத்தனாருக்குத் தெரியும். சாய்மானத்தை மூன்று முறை இடித்துக் கட்டினோம். எங்கள் நைனாவுக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. அவருக்குச் சரியாக இருந்தால் எவருக்கும் சரியாக இருக்கும் என்று, ஒரு நாள் அவரை வரவழைத்து உட்காரவைத்து டேப் பிடித்து அளவெடுத்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு நைனா வெள்ளை வேட்டியில், ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். நீ ஓடி வந்து "வாங்க நைனா" என்றாய். பெஞ்சில் உட்காரவைத்து ஃபேனைப் போட்டுத் தண்ணி கொடுத்தாய். தெருக்காரர்கள் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தை உள்ளே மாட்டலாம் என்று நான் இரண்டாவது கதவுப் பக்கம் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "இங்கயே உக்காருடி. காத்து நல்லா வருது."

அழுத்திப் பிடிக்கவில்லை. என் சோற்றில் இருந்த அதே கை. அந்த வீட்டுக்குள் செருப்புக் காலோடு மாதக் கணக்கில் நடந்தவள் நான், பூஜை அறைக்கு அளவு போட்டவள். உள்ளே இலை போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பாக்குமட்டைத் தட்டில் வடையும் பாயசமும் வந்தது. நீயும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

பஸ்ஸில் நைனா சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. உக்கார வெச்சுதே. எங்க நைனாவ எல்லாம் தோட்டத்துப் பக்கம் நிக்க வெச்சிதான் ஊத்துவாங்க. பெஞ்சும் முதுகுக்கு எதமா இருந்துது." நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவருக்கு அது சந்தோஷம்.

உன் மாமியார்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவம், அந்த வீட்டில் மாட்டிக்கொண்டாள் என்று உனக்காக வருத்தப்படக்கூடச் செய்தேன். நீ மெசேஜ் அனுப்பினால் ஒரு கும்பிடு அனுப்புவேன். இப்படியே வருஷங்கள் ஓடின.

போன மாசிக்கு, காய்ச்சல் என்று படுத்தவள் பதினோரு நாளில் போய்விட்டாய். ஐஸ் பெட்டி இரண்டாவது கதவில் திரும்பவில்லை. எப்படித் திரும்பும், பக்கவாட்டில் வை என்றவள் நீதானே. முன்னறையிலேயே உன்னை வைத்துவிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். உன்னைப் பெருமையாகத்தான் சொன்னாள். "இந்த எடம் பூரா அவ யோசனைம்மா. நாங்க பழையபடி பின்பக்கமே போதும்னோம். காலம் மாறிப்போச்சு அத்தே, யார் மனசும் நோவக்கூடாது, ஊட்டுக்குள்ளயும் வரக்கூடாது, அதுக்கு நான் ஒரு வழி பண்றேன்னா. ஒன்ன வெச்சே பண்ணிட்டா பாரு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் உன் முகத்தைப் பார்த்து, துரோகி என்று மனசுக்குள் சொன்னேன். பின்பக்கம் நிற்கச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். நீயோ என் படிப்பையும் என் பிரியத்தையும் வாங்கி, எங்களை நிறுத்திவைக்க ஒரு அழகான இடம் கட்டிக்கொண்டாய். செத்தவள் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அதைவிட மோசம், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது உன்னையும் தேடுகிறது.

இப்போதெல்லாம் பிளான் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றும் கேட்டேன். "கிரகப்பிரவேசத்துக்கு எங்க நைனாவோட வந்தா, நாங்க எங்க உக்காருவோம்?" அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "உள்ளதான் மேடம், எங்ககூட" என்றாள். அவள் கணவன் போனில் உன் வாசலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பதில் சொல்லும்வரை நான் பென்சிலைத் தொடவில்லை.

உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நைனாவின் முட்டிக்கு டேப் பிடித்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.