எதிர்த்தரப்புக்கு எழுதிய பக்கம்

காரைக்குடி,
20-7-1971

அன்புள்ள நீலாயதாட்சிக்கு,

நாகவல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கைகள் இருவரும் சுகம். திருப்பத்தூரில் அத்தைக்கும் இப்போது பரவாயில்லை. வலது கையை இன்னும் தூக்க வரவில்லை. ஆனால் யாராவது பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைக்கிறார்கள். உன் அம்மாவைப் பற்றித் தெரிந்தால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய் என்று இதை முதலில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. "அன்புள்ள மதினிக்கு" என்று தொடங்கியிருந்தாய். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் தங்கி, ஒரே பாயில் படுத்து, ஒரே பஸ்ஸில் பி.யு.சி.க்குப் போய்வந்தபோது என்னைப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டாய்? உன் அண்ணனுக்கும் எனக்கும் கல்யாணம் ஆவணியில்தான். அதற்குள் உனக்கு என்ன அவசரம்?

மதுரை ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை, இங்கிலீஷ் மேடம் ரொம்பக் கெடுபிடி, முதல் கட்டுரையே "விஞ்ஞானம் வரமா, சாபமா" என்று கொடுத்துவிட்டார், நீ ஒரு திட்டம் மட்டும் போட்டு அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நீ கட்டுரை எழுதும் லட்சணம் எனக்குத் தெரியாதா? எந்தத் தலைப்பாக இருந்தாலும் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பிப்பாய். நான் மட்டும் என்ன ஒழுங்கு? தமிழில் நினைத்ததை வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் மாற்றி நாலு பக்கத்தை நிரப்பிவிட்டால் மார்க் விழுந்துவிடும் என்று நினைத்தவள்தான். பி.யு.சி.யில் நமக்கு இங்கிலீஷ் எடுத்த தெரசா மிஸ் நம் இருவர் தாளிலும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, "இதில் நீ சொல்ல வருவது என்ன?" என்று கேட்டு எழுதினார். அதற்குப் பிறகுதான் எழுத உட்காருமுன் அரைத் தாளில் திட்டம் போடப் பழகினோம். நாம் சொல்வது என்ன என்பது ஒரே வாக்கியத்தில். அதற்கான காரணங்கள், ஒன்றுக்கு ஒரு பத்தி. ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்ட ஓர் உதாரணம். அப்புறம் இதை மறுப்பவர் என்ன சொல்வார், அவருக்கு நம் பதில் என்ன. மண்டைக்குள் கசகசவென்று கிடந்ததெல்லாம் அந்த அரைத் தாளில் வரிசையாக வந்து நின்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நகை போட்டுக்கொண்டபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மறுப்பவர் பகுதிதான் கஷ்டம். அதைக் கேலியாக எழுதக் கூடாது, அந்தக் கட்சிக்காரரே படித்தாலும் "ஆமாம், இதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று தலையாட்ட வேண்டும் என்பார் மிஸ். "பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு தேவையா" என்ற தலைப்புக்கு, தேவை என்று நான் மூன்று பக்கம் எழுதினேன். எதிர்த்தரப்பைத் தனித் தாளில் எழுதிப் பழகினேன். உதாரணத்துக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். மூன்று பெண்களைப் பெற்ற ஒரு பத்தர். கண் மங்கி, பொழுது சாய்ந்தால் நகையில் கல் பதிக்க முடியாமல், அதை வெளியே சொல்லாமல் இருக்கிறார். அப்பா மேல் பாசமுள்ள பெண் தானாகவே புத்தகத்தை மூடிவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுதான் முறை என்று எழுதினேன். மிஸ் அதை வகுப்பில் வாசித்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து பெருமையில் என் கையைக் கிள்ளினாய்.

அந்தத் தாளைத்தான் என் அப்பாவிடம் படித்துக் காட்டினாய்.

வைகாசியில் சின்னம்மாவின் பிரசவத்துக்குத் துணையாக நான் கொத்தமங்கலம் போயிருந்தபோது உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தீர்கள். அப்பா, "எம்மக என்ன சொல்றாளோ அதுதேன். அவ வரட்டும்" என்றாராம். உடனே நீ தாளை எடுத்து வந்து, "வாயால சொல்ல வெக்கப்பட்டு எழுதியே வச்சிருக்கா மாமா" என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாயாம். அப்பா தலையாட்டினாராம். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். அவர் கண் மங்கியது அம்மாவுக்கே தெரியாது. மகள் கவனித்திருக்கிறாள் என்றதும் அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அப்பா என் தலையைத் தடவி, "ஏத்தா, இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். இது நீ எழுதினதுதானே என்று தாளைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். என் கையெழுத்தை நான் எப்படி இல்லையென்பேன்? அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள்.

பிறகு எவ்வளவோ சொன்னேன். இது என் எண்ணமில்லை, எதிராளியின் எண்ணம் என்றேன். எதிராளி நினைக்கிறதை நீ எதுக்கு எழுதணும் என்று கேட்கிறார் அப்பா. தெரசா மிஸ் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். "நீங்க டீச்சரம்மா, படிக்கத்தேன் சொல்வீக" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கல்யாணப் பயம், போகப் போகத் தெளிந்துவிடும் என்கிறாள் அம்மா. நீலா எதுக்குப் பொய் சொல்லப் போறா, அவளுக்கு இதுல என்ன லாபம் என்று அப்பா கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

உன் வீட்டுக்கு நான் வர வேண்டும் என்ற ஆசையில் இப்படிச் செய்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். கோபம் இருந்தது, ஆனால் மனசு விட்டுப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். வாய் குழறக் குழற, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "நீ வந்து என்னயப் பாத்துக்கிருவ, அவ மருதைக்குப் போயிப் படிக்கலாம்னு நீலாதேன் முதல்ல யோசனை சொன்னா. உங்கிட்டயும் கேட்டுட்டேன்னாளே." நான் ஆமாம் அத்தை என்றேன். ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறவர்களிடம் வேறு என்ன சொல்வது?

உன் படிப்புக்காக என் படிப்பைக் கொடுத்துவிட்டாய், நீலா. அதுவும் நான் எழுதியதைக் கொண்டே. அத்தை வாதம் வந்து விழுந்ததும் உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. அத்தையை நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாமா என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். "எந் நாத்தனாளை நான் வச்சுப் பாக்க மாட்டேனா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். காலேஜ் விட்டு வந்து மிச்ச நேரமெல்லாம் நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். பூமிநாதன் அத்தான் நல்ல மனுஷர், அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தையைப் பார்த்துக்கொள்வதற்காக நான் அவரைக் கட்ட வேண்டியதில்லை.

நீ கேட்ட திட்டம் தனித் தாளில் இருக்கிறது. அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். தலைப்பைப் பார்த்ததும் புத்தி அதுபாட்டுக்குப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டது. வரம் என்பதற்கு அத்தைக்குப் போட்ட ஊசியை உதாரணமாக வைத்துக்கொள். எதிர்த்தரப்பை மட்டும் நான் எழுதவில்லை. இனி யாருக்காகவும் அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நம் காலேஜ் பி.ஏ.வில் எனக்கு ஓர் இடத்தை இந்த மாதக் கடைசி வரை நிறுத்திவைக்கிறேன் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை நீ புறப்பட்டு வா. அது நாகவல்லியின் மனசு இல்லை மாமா, பாடத்துக்காக எழுதினது என்று அப்பாவிடம் சொல். உன்னைத் திட்டுவார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். உன் படிப்பை யாரும் நிறுத்திவிடாதபடி நான் பேசுகிறேன்.

நீ வராவிட்டால் ஆவணியில் நான் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். அத்தையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்வேன். லீவுக்கு நீ வரும்போது உனக்கும் இலை போட்டுப் பரிமாறுவேன். உன்னோடு பேச மட்டும் என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் படி. மீனாட்சி உனக்குத் துணையிருக்கட்டும். சனிக்கிழமை கடைசி பஸ் வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
நாகவல்லி