இருபத்திரண்டாம் தேதிப் பதிவு

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். மேகம் கூடி நிற்கிறது, பெய்யவில்லை. நகரி ரோடு மாங்காய்க் கிடங்கில் நான் மாட்டிய மூன்றாம் கேமராவுக்குள் தண்ணீர், படம் மங்கல். வாங்க: கனெக்டர் 4, சிலிகான் 1, டேப். முட்டி வலி. ஊர் உலகமே எலும்பு கட்டப் புத்தூர் வருகிறது. புத்தூர்க்காரன் நான் தைலம் தேய்த்துக்கொண்டு அலைகிறேன்.

கிடங்கில் ஏணி பிடிக்க ஆள் இல்லை. ஆறு வருடமாகப் பிடிப்பது பொன்னி, அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். ஏரிக்கரை இருளர் காலனி. எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"தெரியாதா? கெடங்குத் தண்ணி மோட்டாரத் தூக்கிக்கினு போயிட்டாளாம். போன மாசம் இருபத்திரண்டு, ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

"போலீசுக்குப் போனாங்களா?"

"இல்ல. முதலாளி அவுங்க காலனிப் பஞ்சாயத்துல சொல்லிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம கூடறாங்க."

பொன்னியா? ஏணி ஆடினால் என்னைத் திட்டுகிறவள். நம்ப முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கேமரா மாற்றியாயிற்று. எப்போது ஈரம் இறங்கியது என்று பார்க்கப் பதிவைப் பின்னால் ஓட்டினேன். ஓட்டி ஓட்டி 22க்குப் போய்விட்டேன். வேண்டுமென்றேதான், இங்கே பொய் எதற்கு. மாலை 5.40. மோட்டார் ஆட்டோவில் ஏறுகிறது. ஏற்றுகிறவர் முதலாளியின் மச்சான். பொன்னி படத்திலேயே இல்லை.

திரையை அப்படியே செல்லில் படம் பிடித்தேன். அந்தப் பதிவுப் பெட்டியில் பதினைந்து நாள்தான் நிற்கும். திங்கள் அன்று 22 அழிந்துவிடும்.

முதலாளியிடம் மச்சான் பேச்சை எடுக்காமல், "அந்த நாள் பதிவ பஞ்சாயத்துல போட்டுக் காட்டலாமே சார்" என்று மட்டும் சொன்னேன். கோழை.

"அவுங்க என்னா கோர்ட்டா? போலீஸ் காயிதம் கொண்டாரச் சொல்லு, குடுக்கறேன். வியாபாரம் நடக்கற எடம். ஆமா, நீ பாத்தியா?"

"இல்ல சார்."

சொன்ன வாய் இதுதான்.

திரும்பும் வழியில் காலனி. பொன்னி வாசலில் உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கி. "குத்தம்னு சொல்லிட்டாங்கன்னா ஒரு வருசத்துக்கு எங்கூட்டுல யாரும் ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டாங்கண்ணா. மாங்கா லோடுக்கும் சேத்துக்க மாட்டாங்க. நானும் எம்பொண்ணும் எங்க போறது?"

போலீசில் நீயே எழுதிக் கொடு, அவர்கள் கேட்டால் பதிவு வரும் என்றேன்.

"போலீசு வந்தா மோட்டாரத் தேட மாட்டாங்கண்ணா. எங்களத்தான் தேடுவாங்க. எங்க நைனாவ ஒரு ஆட்டுக்காக இட்டுக்கினு போனாங்க. நாலு நாள் கழிச்சி வந்தாரு. அப்புறம் அவரு மரம் ஏறவே இல்ல."

தண்ணீர் கொடுத்தாள். பையில் பாட்டில் இருக்கு என்று சொல்லிவிட்டேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். பார்த்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

திருப்பதி. ஹார்ட் டிஸ்க் 2, கேபிள் ஒரு சுருள். பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளாக. கோர்ட் பக்கம் என்னோடு படித்த வக்கீலைப் பிடித்தேன். டீ, ஒரு சமோசா.

"குலப் பஞ்சாயத்துக்கு அதக் கேக்கற அதிகாரமே இல்லடா. கோர்ட்டு, போலீசு கேட்டா ஓனர் குடுத்தே ஆவணும், கூட சர்டிபிகேட்டும் வேணும். மத்தவன் கேட்டா அவன் இஷ்டம். நீ செல்லுல எடுத்தியே, அவன் நெனச்சா உம்மேலயே கேசு போடுவான். கம்முனு இரு."

மனைவி விஜயாவிடம் எல்லாம் சொன்னேன். ஆறு கிடங்கின் வேலையும் முதலாளி கையில்தான் என்பதையும், அவளுக்குத் தெரியாததுபோல.

வி.: "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. ரெண்டு நாளா நீங்க சரியாவே துன்னல, அது மட்டும் தெரியுது."

பொழுது சாயக் காலனிக்குப் போனேன். பஞ்சாயத்துத் தலைவர் சின்னப்பனிடம் செல்லை நீட்டினேன். வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"மொதல்ல இதப் பாத்தது யாரு சாமி?"

"நான்தான்."

"தனியாவா?"

"ஆமா."

"அப்ப இது சாட்சி ஆவாது. எங்க பஞ்சாயத்துல எல்லாரும் ஒண்ணா குந்திக்கினு மொதத் தடவ பாத்தாத்தான் சாட்சி. ஒருத்தர் முன்னாடியே தனியாப் பாத்துட்டா, அப்புறம் அவருதான் சாட்சி. நாளைக்கி நீ வந்து நில்லு."

வக்கீல் சொன்னது ஒரு சட்டம், இது ஒரு சட்டம். சாட்சியைக் கொண்டுபோனேன், நானே சாட்சியாகித் திரும்பினேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மழை. போகாமல் இருக்கக் காரணங்கள்: ஆறு கிடங்கு. கேசு. முட்டி வலி. மூன்றாவதை எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. போனேன்.

தண்ணீர்த் தொட்டி அடியில் எல்லாரும் தரையில். முதலாளிக்கும் மச்சானுக்கும் மட்டும் நாற்காலி. பொன்னி எழுந்து நின்றாள். என்னைக் கேட்டார்கள். சொன்னேன். தேதி, மணி, ஆட்டோ, ஆள்.

முதலாளி: "நீ பாக்கலன்னுதான சொன்ன?"

"பொய் சொன்னேன் சார். பயம்."

சின்னப்பன் மச்சானைப் பார்த்து, "நீ என்னா சொல்ற?" என்றார். மச்சான் எழுந்தார், பைக்கை உதைத்தார், போய்விட்டார். பொன்னி மேல் குற்றம் இல்லை என்று தீர்ந்தது. அவள் அப்போதுதான் அழுதாள்.

ஹெல்மெட்டை எடுத்தேன். சின்னப்பன் விடவில்லை.

"எங்க போற? சாட்சி சொன்னவரு அந்த வூட்டுல துன்னுட்டுத்தான் போவணும். அப்பத்தான் அது முடியும்."

கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. பொன்னி வீட்டு வாசலில் எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டேன். காரம் தலைக்கேறியது. பாட்டில் பையில் இருந்தது, எடுக்கவில்லை. பொன்னி சொம்பை நீட்டினாள், குடித்தேன். எனக்குப் பிறகு சின்னப்பன் தண்ணீர் கேட்டார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் ஒவ்வொருவராகக் காலனி முழுக்க. பொன்னியின் மகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி தொட்டிக்கு ஓடினாள்.

ஜூலை 7, திங்கள்

முதலாளி போன். ஆறு கிடங்குக்கும் வேறு ஆள். கோபமாகக்கூடப் பேசவில்லை. பயம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். வி. "என்னா கொழம்பு போட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இன்றோடு அந்தப் பெட்டியில் 22 இல்லை. செல்லில் இருந்ததையும் அழித்தேன்.

மத்தியானம் பொன்னி கூப்பிட்டாள். "நானும் அங்க வேலைக்குப் போவலண்ணா. வேற எங்கனா ஏணி போட்டா சொல்லுங்க, வரேன்."

நாளை காணிப்பாக்கம், ஒரு லாட்ஜ். எட்டு கேமரா, மூன்று மாடி. பொன்னியை ஏழு மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பாட்டில் வேண்டாம் என்று வி.யிடம் சொல்ல வேண்டும்.