மஞ்சள் குடித்த மை

ஆடி 28, புதன்

மேலக்காற்று. இன்று அடித்த அடியில் கயத்தாறுக் காற்றாலை இறக்கை ஒன்று கழன்று எங்கள் தெருவுக்கு மேலே பறந்து போனதாக ஊரெங்கும் பேச்சு. (பேசியது நான் ஒருவன்தான்.) சன்னலை அடைத்தும் மேசை முழுக்கக் கரிசல் தூசி. மைப்பேனா நிப் அடைத்துக்கொண்டது.

வேலை: பேனாவுக்கு மங்கள ஸ்நானம். வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று முறை. மூன்றாவது தண்ணீர் தெளிந்து என் முகம் தெரிந்தது. இந்த வயதுக்கு மோசமில்லை.

அக்கா மகள் மீனாவுக்கு ஆவணி 18 கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நேரில் போய்க் கொடுக்க வேண்டிய நெருங்கிய சொந்தம் முப்பத்தொரு வீடு. அந்தக் கவர்களில் பெயர் எழுதும் ராஜாங்கப் பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு. மற்றவற்றில் அத்தான் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொள்வார். எழுதுவது என்று அவர் சொல்லுகிறார்.

படைக்கலக் கொட்டில் நிலவரம் (பிஸ்கட் டப்பா):

மைப்பேனா 1. மை, ராயல் நீலம், முக்கால் புட்டி. மை உறிஞ்சும் தாள் 4. பித்தளை ஷார்ப்னர் 1, கையில் எடுத்தால் ஒரு குட்டி இட்லிக் கொப்பரை கனம். பாதி பிளேடு 2. பச்சை 2B பென்சில் 1, உயரம் ஆறு விரல்கடை, எல்லோருக்கும் மூத்தது. HB பதினொன்று, சிப்பாய்கள். உருண்டைப் பென்சில் எதுவும் இல்லை. உருண்டைப் பென்சில் குணம் கெட்டது, மேசையில் வைத்த இடத்தில் நிற்காது. ஆறுபட்டைதான் கௌரவமான குடும்பம்.

ஆடி 29, வியாழன்

நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் இன்று லோடு இல்லை. பகலெல்லாம் தீக்குச்சி, சாயங்காலமெல்லாம் பென்சில். ஆண்டவன் என்னைக் குச்சிகளுக்கு நடுவில் குடிவைத்துவிட்டான். புகார் இல்லை.

மதியம் ஸ்டேஷனரி கடை. அழிரப்பர் வாங்க. வெள்ளை, மெத்தென்றது. பழ வாசனை ரப்பர் வேண்டாம், அது அழிக்காது, அழுக்கைப் பரப்பிவிட்டு மணக்கும். கடை அண்ணாச்சி குச்சி மாற்றுகிற பென்சிலைக் காட்டினார்.

"இதச் சீவவே வேண்டாம், தெரியுமா? டக்குனு அமுக்குனா முனை வந்துரும்."

"சீவ வேண்டாம்னா பென்சில் எதுக்கு அண்ணாச்சி?"

"எழுதத்தாம்."

"எழுதுறதுக்குத்தான் ஆயிரம் சாமான் இருக்கே."

அண்ணாச்சி அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். உயர்ந்த விஷயங்களுக்கு ஊரில் காது குறைவு.

சாயங்காலம் மீனா வந்தாள். பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, வெளையாட்டு வேண்டாம். பெரியப்பா கவர நல்லா எழுதணும். அவிய வரலைன்னா நான் மணவறையில சிரிக்க மாட்டேன்."

"சிரிக்காட்டா போட்டோ நல்லாருக்கும்."

"மாமா."

கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. டப்பாவிலிருந்து எழுந்தபோது அதைத் துடைத்தும் வைத்தாள்.

பெரியப்பா என்பது அத்தானின் அண்ணன். நமக்குப் பெரியத்தான், இனி பெ.அ. புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். மீனா குழந்தையாக இருந்தபோது வெட்டு மேசையில் துணி அடுக்குக்கு மேலேயே தூங்குவாள், அவர் அவளைச் சுற்றி வெட்டுவார். நாலு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

காரணம் நாளை எழுதுகிறேன். இன்று கை வலி.

ஆடி 31, சனி

கை வலி எல்லாம் இல்லை. எழுத வெட்கம், அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன் மீனாவின் அக்கா கல்யாணம். அப்போதும் கவர் எழுதும் பொறுப்பு எனக்கே. நீலக்கறுப்பு மை வந்தால்தான் பேனாவைத் தொடுவேன் என்று சபதம் போட்டேன். கூரியரில் வர வேண்டிய புட்டி வரவே இல்லை. நாள் நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்கு ஓடி, பெயர்களை அச்சடித்து, பின்னால் கோந்து தடவிய துண்டுகளாக்கிக் கவர்களில் ஒட்டிவிட்டேன். அரை மணி நேர வேலை. பெ.அ. கவரிலும் ஒன்று. அச்சகமே ஒட்டித் தந்தது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது: "துணிக்கட்டுக்கு ஒட்டுத லேபிள எனக்கு ஒட்டி அனுப்பிட்டான் எந் தம்பி." கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பி என்றால் அத்தான். அத்தான் நாலு வருஷமாகத் திட்டு வாங்குகிறார். ஒட்டிய ஆள் பிஸ்கட் டப்பாவோடு சுகமாக இருக்கிறான்.

போதும்.

இன்று எழுதி முடித்தேன். முப்பத்தொன்றும். ஆடியில் எதற்கு அவசரம் என்று அக்கா கேட்டாள். "மஞ்சளத் தொட்டாத்தான நல்ல காரியம்? மையத் தொட்டா அது வெறும் எழுத்து" என்று வாதாடி ஜெயித்தேன். எப்போதும் மஞ்சள் முதலில், காய்ந்த பிறகு பெயர், மூலையை விட்டுத் தள்ளி. இந்தத் தடவை பெயர் முதலில், மஞ்சள் நாளை ஆவணி பிறந்ததும். ஒரு நாள் மிச்சம்.

பெ.அ. கவர் என் வாழ்நாள் சாதனை. 'திரு' என்பதில் போட்ட சுழி கவரின் கிழக்கெல்லையில் புறப்பட்டு மேற்கெல்லையைத் தொட்டது. பார்த்துக்கொண்டே இரண்டு காபி குடித்தேன்.

ஆவணி 1, ஞாயிறு

வெயில். காற்று நின்றுவிட்டது. உலகமும்.

காலை ஆறு மணி. அக்கா குளித்து, மஞ்சளைக் குழைத்து, விளக்கேற்றி உட்கார்ந்தாள். நாலு மூலையில் ஒரு பொட்டு வைப்பதுதான் வழக்கம். ஆனால் இது கடைசிப் பெண் கல்யாணம். அக்கா தாராளம். மஞ்சளும் தண்ணீராக இருந்தது. கவர்களுக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி மஞ்சள் குளியல். எழுதியது, எழுதாதது என்று பார்க்காமல் மிச்சக் கவர்களுக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டாள்.

நான் ஏழு மணிக்குப் போனேன். நீலமும் மஞ்சளும் கலந்தால் என்ன ஆகும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்தொரு பெயரும் பச்சை. கவர் அல்ல, கிளிக்கூட்டம். பெ.அ.வின் சுழி இருந்த இடத்தில் ஒரு கம்மாய்.

"ஏலே, நீ நல்ல மைய வாங்கலியா?" என்றாள் அக்கா.

"நீ மஞ்சளக் கொழச்சியா, சாம்பார் வச்சியா?"

அச்சகம் ஞாயிறு லீவு, புதுக் கவர் கிடைக்காது. அக்கா நாளைக்கே முதல் கவராகப் பெ.அ.வுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நாள் பார்த்து வைத்திருக்கிறாள். இருப்பதெல்லாம் மஞ்சள் குளித்த வெற்றுக் கவர்கள். மாடியில் காயவைத்தோம். காய்ந்ததும் மைப்பேனாவை வைத்தேன். முதல் எழுத்திலேயே மை நாலு திசையும் வேர் விட்டது. அத்தான் மீசையைத் தடவிக்கொண்டு தம் பால்பாயின்ட்டோடு இறங்கினார்.

"தள்ளுங்க மாப்பிள. இதான் நாட்டுக்கு ஒழைக்கிற பேனா."

மூன்று எழுத்து. மஞ்சள் தூளைத் தின்று முனை அடைத்துக்கொண்டது. உதறினார், ஊதினார், செருப்பில் தேய்த்தார். இன்னொரு பேனா. அதுவும். சந்தோஷப்படக்கூடாத நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை.

மீனா டப்பாவைத் திறந்து பச்சை 2B-ஐ எடுத்து என் முன்னால் வைத்தாள்.

எழுதிப் பார்த்தேன். மஞ்சள் மேல் கறுப்பு. பட்டுச்சேலைக் கரை மாதிரி நின்றது.

அக்காவுக்குப் பதற்றம். "பென்சில்லயா? வேற ஆளுக்கு எழுதுனத அழிச்சிட்டு நமக்கு எழுதியிருக்காவன்னுலா நெனைப்பாவ."

"வேற வழி சொல்லு."

அக்கா கவர் அடுக்கை என் பக்கம் தள்ளினாள்.

முப்பத்தொன்று. பாதி பிளேடால் சீவினேன். நாள்வேலைக்குப் பித்தளை ஷார்ப்னர், ராஜ காரியத்துக்குப் பிளேடு. நாலு பெயருக்கு ஒரு சீவல். மூத்த பென்சில் ஆறு விரல்கடையிலிருந்து நாலரைக்கு இறங்கியது. சீவல்களைக் கொட்ட மனசில்லை, டப்பாவிலேயே போட்டேன். மணம்.

இந்தத் தடவை பெ.அ. கவரில் சுழி இல்லை. நேராக எழுதினேன்.

ஆவணி 2, திங்கள்

பஸ்ஸில் நானும் அக்காவும். அத்தான் வரவில்லை. "நான் வந்தா அவிய கத்திரிய எடுப்பாவ. நீங்க போங்க." மடியில் தட்டு, பழம், வெற்றிலை, கவர். வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி தாண்டும்போது கோட்டைக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனியில் ஐம்பது மெஷின் சத்தம். ஐந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். வெட்டு மேசை முன் பெ.அ. மெலிந்திருந்தார். காதில் பென்சில். நிமிரவில்லை.

"வாங்க" என்றார் துணியைப் பார்த்து.

அக்கா தட்டை நீட்டினாள். வாங்கினார். கவரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார்.

"பென்சிலா?"

"மஞ்ச பட்டு மை ஊறிப்போச்சு, பெரியத்தான்..." என்றாள் அக்கா.

"போன தடவ லேபிளு. இந்தத் தடவ பென்சிலு. எம் பேரு அழிச்சுக்கிடுத பேருதான? நல்லா இருக்கட்டும் எந் தம்பி."

கவரைத் தட்டில் திருப்பி வைக்கக் கை போனது. அப்போதுதான் சொன்னேன். சொன்னேன் என்பதை விட, வாய் தானாகத் திறந்தது.

"லேபிள் ஒட்டுனது ஒங்க தம்பி இல்ல. நான். மை வரலன்னு சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். அத்தானுக்கு ஒண்ணும் தெரியாது. நாலு வருசமா நான் வாயத் தொறக்கல."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொண்டிருப்பேன்.

பெ.அ. கட்டை விரலால் எழுத்தைத் தடவினார். மறுபடி சாய்த்துப் பார்த்தார்.

"எதுல சீவுனிய?"

"என்னது?"

"பென்சில. எதுல சீவுனியன்னு கேக்கேன். கோடு தடிக்காம கடேசி வரைக்கும் வந்திருக்கு."

"பாதி பிளேடு. ஷார்ப்னர்ல கழுத்து குட்டையாப் போயிருதுல்லா?"

"அதத்தான முப்பது வருசமா இங்கன தொண்ட கிழியச் சொல்லுதேன்! ஒருத்தன் கேக்கானா?" காதிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். நானும் பையிலிருந்த மூத்தவனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நீளக் கழுத்து. ஒரே மாதிரி ஆறு சீவல். பிரிந்துபோன அண்ணன் தம்பி மாதிரி கிடந்தன இரண்டும்.

சிரித்துவிட்டார். பல் இரண்டு போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

"ரப்பர் இருக்கா மாப்பிள?"

கொடுத்தேன். கவரில் என் எழுத்தை அழிக்க ஆரம்பித்தார். அக்கா "ஐயோ" என்றாள். அழித்து, ஊதி, தட்டிவிட்டார். என் பென்சிலை எடுத்து, துணியில் கோடு இழுக்கிற கையால், மெதுவாக எழுதினார். திருப்பிக் காட்டினார்.

'மீனா பெரியப்பா.'

"எந் தம்பி மகளுக்கு நான் என்ன விருந்தாளியா, திருவும் அவர்களும் போட்டுக்கிட்டு?"

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் கரிசல் தூசி. கம்பெனிக்குள் எப்படி வந்ததோ.

ஆவணி 3, செவ்வாய்

பெ.அ. நேற்றே அத்தானுக்குப் போன். நாலு வருஷத்தில் முதல் முறை. அத்தான் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். அடிப்பார் என்று பிஸ்கட் டப்பாவைக் கேடயமாகப் பிடித்தேன்.

அடிக்கவில்லை. தீர்ப்பு: மீதி இருநூற்றுச் சொச்சம் கவரும் நான்தான் எழுத வேண்டும். பால்பாயின்ட்டில்.

மன்னர் காலத்துத் தண்டனைகள் எவ்வளவோ கருணையானவை.

அச்சகத்தில் அத்தான் வாங்கி வந்த புதுக் கவர்கள், மஞ்சள் இன்னும் தொடாதவை. முதலில் மூலைக்கு மூலை ஒரு பொட்டு, காய்ந்த பின் எழுத்து. அக்கா ஒத்துக்கொண்டாள். அறுபது முடிந்தது. பேனா வழுக்குகிறது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறார், எனக்கில்லை, கவருக்கு.

ஆவணி 16, திங்கள்

சாயங்காலம் நாலு தூறல். பந்தல்கால் நட்டாயிற்று.

பெ.அ. இரண்டு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார். படி ஏறியதும் கேட்டது: "எங்க எம் பிள்ள? பிளவுஸ் எவன் தச்சான்? கைய இப்பிடியா வெட்டுவான்? ஏட்டி, கழட்டிக் குடு." மீனா சிரித்த சிரிப்பு தெருமுனை டீக்கடையில் கேட்டிருக்கும். பால் திரிந்திருக்கும்.

நடுக்கூடத்தில் பிளவுஸை விரித்து, என் பச்சை 2B-ஆல் அடையாளம் போடுகிறார். அன்று புதியம்புத்தூரில் மேசையிலேயே விட்டு வந்தது. நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இப்போது மூன்று விரல்கடை. காதில் செருகினால் வெளியே தெரிவது முனை மட்டும்.

அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் முறுக்கு. சண்டை இப்போதே ஆரம்பம், பந்தல் வாழைமரம் எந்தப் பக்கம் என்று.

மாலை டப்பாவைத் திறந்தேன். பித்தளை ஷார்ப்னரைக் காணோம்.

பெ.அ. சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஷார்ப்னரைத் திட்டுகிற மனுஷர். கேட்டேன்.

"என்ன ஷார்ப்னரு? பிளேடுதான மாப்பிள நமக்கு?"

மீனா அவருக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, அந்தத் தொங்கும் பையைக் கண்ணால் காட்டினாள்.