ராணி ஓடிப்போகவில்லை

அக்கா,

இன்று காலை வேலியோரம் சர்க்கரைவள்ளி இலை பறித்தேன். பறித்து முடித்துப் பார்த்தால் கையில் இரண்டு கட்டு. ஒன்று நம் ஆமை துரைக்கு. இன்னொன்று, மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால், உன் தோழி செல்விக்கு. காம்பில் வடிந்த பால் விரலில் பிசுபிசுத்து, அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் உறைத்தது. நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இனி யார் இதைத் தூக்கிக்கொண்டு பண்டார் தெங்காராவுக்குப் போகப் போகிறார்கள்? அந்த இரண்டாவது கட்டைக் குப்பையில் வீசினேன். கோபத்தில்தான் வீசினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மறைக்கிற வேலையெல்லாம் நீதான் செய்துவிட்டாயே.

துரை நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி மகனோடு சிங்கப்பூருக்குக் குடிபோகும்போது, துணிக்கூடையில் ஒரு தரை ஆமையைக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்கு அதிர்ஷ்டமாம். நான் அலறினேன். "அலமாக்! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தெரியாதா உனக்கு?" நீ கூடையை வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அமீனா வரட்டும்டி. அவனுக்கும் ஒரு டீ போட்டுக் குடுப்போம்."

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஆமை கொல்லையோடு நிற்க வேண்டும், பின்வாசல் படி தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது. நான் வாசலில் ஒரு பலகையை நிறுத்தினேன். அது மலைக்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த தோட்டத்துத் துரை மாதிரி மெதுவாக நடந்து வந்து, பலகையை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்படித்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

துணை வேண்டும் என்று ஆரம்பித்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் காலமாகி, லாபிஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு, தெப்ராவில் உன்னோடு வந்து ஒண்டிக்கொண்ட புதிது அது. நீ விடியுமுன்னே கம்பெனி பஸ் பிடித்துச் சிங்கப்பூர் போய்விடுவாய். பகல் பூராவும் நானும் துரையும்தான். அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். "பாவம்கா, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்ல அதுக்கு" என்பேன். "அது எப்ப உங்கிட்ட பேசணும்னு கேட்டுச்சு?" என்பாய் நீ. ஒருநாள் கொஞ்சம் கறாராகவே சொன்னாய்: "உன் பசிக்கு அதுக்குச் சோறு போடாத."

நான் கேட்டேனா? ஒற்றை ஆமைதான் தரித்திரம், ஜோடியாக இருந்தால் லட்சுமி என்று நானே ஒரு சாஸ்திரத்தைக் கட்டிவிட்டு, கடைக்குப் போய் ராணியை வாங்கி வந்தேன். அடையாளத்துக்கு அதன் ஓட்டில், பின்பக்கம், சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். குங்குமம் மழையில் கரைந்துவிடும் என்று நகப்பூச்சு. நீ அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாய்.

அப்புறம் சிரிக்க ஒன்றும் இல்லை. கொல்லையில் எந்நேரமும் டொக், டொக் என்று ஓட்டோடு ஓடு மோதுகிற சத்தம். ராணி துரையைத் துரத்தி, முட்டி, மல்லாக்கத் தள்ளிவிடும். ஒரு மோதலில் ராணியின் ஓட்டு ஓரத்தில் பிறைபோலச் சில்லு பெயர்ந்தது. துரை தண்ணீர் வாளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இலையைத் தொடுவதை விட்டது. மிருக டாக்டர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ராணியும் ஆண்தான் என்றார். பொதுவாகவே ஆமைக்குத் துணை தேவையில்லை, தனியாக இருப்பதுதான் அதன் சுபாவம், உடனே பிரித்து வையுங்கள் என்றார். நடுவில் பலகை வைத்துப் பார்த்தோம். ராணி அதையும் இடித்துத் தள்ளியது.

"ஒண்ண யாருக்காவது குடுத்துரலாம்டி" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். இரண்டாவது தடவை நான் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது. "துணைன்னா என்னான்னு உனக்கு எங்க தெரியப் போகுது?" என்று கேட்டேன். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியையும் என்னையும் கரையேற்றிய உன்னைப் பார்த்துக் கேட்டேன். நீ துணி மடித்தாய். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சம்மதித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. நான் பசாருக்குப் போய், இரண்டு கையிலும் பையோடு திரும்பி வருகிறேன். கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது. நீ வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாய்: "போறப்ப கேட்ட சாத்தலையா நீ?"

அந்த ஒரு கேள்விதான் அக்கா. சாத்தினேனா இல்லையா? சாத்தின மாதிரியும் இருந்தது, சாத்தாத மாதிரியும் இருந்தது. துரை வாளிக்குப் பின்னால் இருந்தது. ராணியைக் காணோம்.

மூன்று நாள் தேடினேன். தெருக்கோடியில் இருக்கிற லோங்காங்கில், இடுப்பளவு ஆழச் சாக்கடையில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நீயும் இறங்கினாய்! கொசு கடிக்கக் கடிக்கக் குடையால் புதரை விலக்கி, "ராணி, ராணி" என்று என்னோடு சேர்ந்து கூப்பிட்டாய். கம்பத்தில் ஒட்ட நான் எழுதிய நோட்டீசை வாங்கிப் படித்து, மலாய் சரியில்லை என்று திருத்திக்கூடக் கொடுத்தாய். உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது?

ஆமை போனதோடு போயிருந்தால் நான் இப்படிக் குமுற மாட்டேன். ஷாமினியை நினைத்துப் பார். எதிர்வீட்டுப் பெண். பிரசவ லீவு முடிந்து சிங்கப்பூர் வேலைக்குத் திரும்ப வேண்டும், "பிள்ளைய நீங்க பாத்துக்கிறீங்களா ஆண்ட்டி?" என்று அந்த மாதம்தான் கேட்டிருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். சரி என்று சொல்லிவிட்டு, தொட்டில் கட்ட ஸ்பிரிங்கும் பருத்திப் புடவையும் வாங்கி வைத்திருந்தேன். ராத்திரி தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம். ராணி காணாமல் போன நாலாம் நாள் ஷாமினியிடம் போய், முடியாதம்மா, வேற ஆள் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் வந்து அழுதேன். "ஒரு ஆமையவே காப்பாத்தத் தெரியல. பச்சப் பிள்ளைய எப்படிக்கா எங்கிட்ட விடுவாங்க?"

நீ பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. "உன் இஷ்டம்" என்றாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் கத்தியிருப்பேன், பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை என் மடியில் வளர்ந்திருக்கும். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துக் கையாட்டுவாள், அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தம்பி குடும்பம் வந்தால், "கேட்ட சாத்தியாச்சா அத்தை, முறுக்கு ஓடிறப் போவுது" என்று பிள்ளைகள் கேலி செய்யும். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ மட்டும் சிரிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். என் அக்காவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப் போவேன்!

முட்டி ஆபரேஷனால் உன் காரியத்துக்கு வர முடியாத செல்வி, போன வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முப்பது வருஷம் சிங்கப்பூர் கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் வேலை செய்தவள் ஆயிற்றே என்று பஸ் ஏறிப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், செம்பனைக் காட்டை ஒட்டிய அந்தப் பெரிய கொல்லையில், வாழையடியில் ஒரு ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. ஓட்டு ஓரம் பிறைபோலச் சில்லு. பக்கத்தில் மங்கிப்போன சிவப்புப் பொட்டு.

"செல்வி... இது எங்க ராணி."

"ஆமாங்க, ஆனா இப்ப ராஜா லா" என்று சிரித்தாள். "ஆம்பளன்னு அக்கா சொன்னாங்க, அதான் பேர மாத்திட்டேன். நீங்க குடுத்து விட்டதுதானே? போறத உங்களால பாக்க முடியாதுன்னு பசாருக்குப் போயிட்டதா அக்கா சொன்னாங்களே. மாசா மாசம் நீங்க குடுத்தீங்கன்னு இதுக்குக் கீரை வேற கொண்டாருவாங்க."

நான் கட்டிக் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கீரை, அக்கா. செல்விக்குப் பிடிக்கும், செல்விக்குப் பிடிக்கும் என்று ஒன்பது வருஷமாக வாங்கிப் போனாயே.

நீ உயிரோடு இருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "நான் எப்படி பொய் சொன்னேன்? கேட்ட சாத்தலையான்னுதானே கேட்டேன்?" என்பாய். சாமர்த்தியக்காரி. துரையைக் காப்பாற்றத்தான் செய்தாய், அதுவும் புரிகிறது. அதற்கு என்னை ஏன் பலி கொடுத்தாய்? நான் சொன்ன அந்தச் சொல்லுக்குத் தண்டனையா? இருந்தாலும் ஒன்பது வருஷம் அதிகம். திருடனுக்குக்கூட ஒருநாள் விடுதலை உண்டு.

புறப்படும்போது செல்வி கேட்டாள்: "வேணும்னா திருப்பிக் கொண்டு போறீங்களா? துரை தனியா இருக்கு. நீங்களும் தனியாத்தானே."

ஒரு வாரமாக அதையேதான் யோசித்தேன். நடுவில் கல்சுவர் எழுப்பினால் போதுமா என்று கொல்லையைக்கூட அளந்து பார்த்தேன். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பகல் பூராவும் துரையைக் கவனித்தேன். வெயிலில் காய்ந்தது. இலை தின்றது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. குறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான். செல்விக்கு ஃபோன் போட்டு, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆமை விஷயத்தில் மட்டும்தான் நீ சொன்னது சரி.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசிய அன்றைக்கு என் கையைப் பிடித்து, "அன்னிக்கு அந்த கேட்டு விசயம்டி..." என்று ஆரம்பித்தாய். வீட்டை நினைத்துக் கவலைப்படுகிறாய் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன்: "பூட்டிட்டேன்கா. ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீ நிம்மதியாத் தூங்கு." நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நான் கேட்டைத் திறந்து போடவில்லை. ஒரு வாரமாக எனக்கு அது தெரியும். ஆனாலும் நேற்று அந்தியில் சங்கிலி போட்டு, பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். உள்ளே வந்துவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.