கிளியரா அண்ணா?

திங்கள், ஜூன் 9

மழை. இந்த நாட்டுல ஜூன்னா குளிர்காலம். ஒனிஹங்கா ஆபீஸ்ல ஹீட்டர் படுத்துடுச்சு. கூடவே சர்வரும்.

கிழட்டு சர்வர். டிஸ்க்கையெல்லாம் ஒண்ணா கட்டி மேய்க்கிற ரெய்டு கார்டு செத்துப்போச்சு. மீன் கம்பெனியோட ஸ்டாக், ஆர்டர், சம்பளம், சகலமும் அதுலதான். இந்த மாடலை இப்ப யாரும் செய்யறதில்லை. பழைய சாமான் விக்கிறவர்கிட்ட ஒண்ணு கிடைச்சுது, புதன் வரும். அதுவரைக்கும் எல்லாரும் பேப்பர்ல எழுதிக்கிட்டு, கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவ நான்தான்னு என்னை முறைக்கிறாங்க. நானா போய் கார்டைக் கொன்னேன்?

மத்தியானம் குகன் அண்ணாவோட சாப்பாடு. குளிர் ரூம் சூப்பர்வைசர், யாழ்ப்பாணம். "ஏன் செத்த வீடு மாதிரி இருக்கிறியள்? சாப்பிடுங்கோ பிள்ளை." இங்க நான் தமிழ்ல வாய் திறக்கறது இவர்கிட்ட மட்டும். வீட்டுல என் பையன் தருண் எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்லதான் பதில். இந்த அரை மணி நேரம் இல்லேன்னா நான் ஊமை.

வாங்கணும்: பால், பாராசிட்டமால், தருணுக்கு சாக்ஸ்.

புதன், 11

கார்டு வந்துச்சு. மாட்டினேன். ஆன் பண்றதுக்குள்ள ஸ்கூல்ல இருந்து போன். தருணுக்கு ஜுரம். அண்ணா: "நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."

டாக்டர் வாசல்ல, கார்ல இருந்து போன் போட்டேன். திரையில இருக்கறதை அண்ணா வாசிச்சார். பழைய டிஸ்க்கெல்லாம் புது கார்டுக்கு ஃபாரின்னு வருதாம். நம்மள மாதிரி. இம்போர்ட் குடுத்தா சேர்த்துக்கும். கிளியர் குடுத்தா டிஸ்க்கெல்லாம் எப்படிக் கட்டியிருந்ததுங்கறதையே மறந்துடும்.

"இம்போர்ட்னு இருக்கும், அதைக் குடுங்க"ன்னு சொல்லும்போதே பின் சீட்ல தருண் வாந்தி. அவனைப் பிடிச்சுக்கிட்டே, "கிளியரா அண்ணா?"

"கிளியரோ?"

"ஆமா, கிளியர்?"

"ஓம். அமத்திட்டன்."

"எதை அமுக்கினீங்க?"

"நீங்கள் சொன்னது தானே. கிளியர்."

தலைக்கு ஏறிடுச்சு. "உங்களுக்குத் தமிழ் புரியாதா அண்ணா?" கத்திட்டேன். அவர் போனை வச்சுட்டார்.

அடிப்பாவி, யார்கிட்ட என்ன கேள்வி கேட்ட? தமிழனாப் பொறந்ததுக்காகவே ஊரை விட்டு வந்த மனுஷன். புரியுதான்னு கேக்கறதுக்கு கிளியரான்னேன். நான் பேசினதுல தமிழ் எங்க இருந்துச்சு?

வியாழன், 12

தருணுக்கு ஜுரம் கம்மி. அவங்க அப்பா லீவு.

டிஸ்க் வரிசை மாத்தாம, பழைய அளவுலயே திரும்பக் கட்டினேன். எதையும் அழிக்காதேங்கறதைத்தான் குடுத்திருக்கேனான்னு மூணு தடவை பாத்துட்டுத்தான் பட்டனைத் தொட்டேன். எல்லாம் வந்துடுச்சு. ஒரு ஆர்டர்கூடப் போகலை. பாஸ் "குட் ஆஸ் கோல்ட்"னு பாராட்டிட்டுப் போயிட்டார்.

எனக்கு சந்தோஷமே வரலை. அண்ணா சாப்பிட வரலை. குளிர் ரூம்ல வேலையாம். அவருக்குன்னு வச்ச புளியோதரை வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. ராத்திரி நானே தின்னேன்.

சாக்ஸ் மறந்துட்டேன்.

வெள்ளி, 13

தூறல். காலையில கார் பார்க்ல அண்ணாவை ஓடிப்போய்ப் பிடிச்சேன்.

"ஏதோ டென்ஷன்ல அப்படிக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க அண்ணா. தப்பு என்னோடது."

"நோ வொரீஸ், மீனா."

பிள்ளைன்னு சொல்லலை. அவரோட பேச்சுலயே சொல்லிப் பாத்தேன். "சர்வர் இப்ப வடிவா ஓடுது அண்ணை."

"குட். தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ."

கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னார், நான் முதல்ல உள்ள போகட்டும்னு.