ஆடிப் பதினெட்டுக்குள் ஒரு புராசசர்

2005 ஜூலை 4, திங்கள். திருத்தங்கல்

முருகன் படத்தில் மயில்தோகையை மட்டும் கொஞ்சம் பிரகாசமாக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு உலை வைத்தேன். வந்து பார்த்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. சோறு வடித்தேன். அப்சானாவுக்கு ஊட்டினேன். திரும்பி வந்தபோது திரை உறைந்தே போய்விட்டது. முருகன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டாசு லேபிள் என்றால் இந்த மூன்று வருஷத்துக் கம்ப்யூட்டர் தாங்கும். பெரிய காலண்டர் படத்தைத் திறந்தால் படுத்துவிடுகிறது. ஒப்புக்கொண்டிருப்பதோ பன்னிரண்டு படம். முடிந்தது ஒன்றே கால்.

ஜூலை 5

முதலாளி நல்லசிவம் போன் செய்தார். ஆறு வருஷம் அவர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். அப்சானா பிறந்த பிறகு லேபிள் வேலை மட்டும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் காட்டி ஆர்டர் பிடிக்கும் காலண்டர் ஆல்பத்தை முழுதாகத் தருவது இதுதான் முதல் தடவை. அதுவும் நானாகக் கேட்டு வாங்கியது.

"ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் பூசை. அன்னைக்கு ஏஜெண்டுமாரு கையில படம் இருக்கணும். இல்லாட்டி அடுத்த வருசத்து ஆர்டர் அம்புட்டும் பக்கத்து பிரஸ்ஸுக்குப் போயிரும். இருபத்தஞ்சாம் தேதி சி.டி. எனக்கு வந்துரணும். வீட்டுல வச்சு முடியலைன்னா சொல்லிரு. ஆடி கழிஞ்சதும் பழையபடி இங்கனயே வந்து உக்காந்துரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பிரஸ்ஸில் உட்கார்ந்தால் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு. பிள்ளைக்கு மூன்று வயது. அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

ஜூலை 7

முடிவு செய்துவிட்டேன். புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம். உள்ளே இருக்கும் புராசசரை மட்டும் மாற்றினால் போதும். மூளையை மாற்றினால் ஆள் மாறிவிடமாட்டானா? மச்சானிடம் சொன்னேன். "எனக்குத் தாள் வெட்டத் தெரியும். இதுல நீ சொல்றதுதான்" என்றார். அப்சானாவின் அத்தா பேப்பர் கடைக்காரர், ஒதுங்கிக்கொண்டார்.

ஜூலை 9, சனி

மதுரை. கடையில் போய், "இருக்கிறதிலேயே வேகமானது எது?" என்று கேட்டேன். புடவைக்கடையில் கேட்பது மாதிரி.

"பழைய போர்டு எந்த மாடல்?"

"மூணு வருசத்துக்கு முந்தி வாங்கினது."

அவர் இன்னொரு தடவை கேட்டார். நானும் அதையே இன்னொரு தடவை சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பென்டியம் ஃபோர் வாங்கிக்கொண்டு ராணி மாதிரி பஸ் ஏறினேன்.

ஜூலை 10

பழைய புராசசரைக் கழற்றினேன். அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக ஊசி. புதியதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஊசிகூட இல்லை, வெறும் பொன்னிறப் புள்ளி.

"ஊசி போட மறந்துட்டாங்களோ?" என்றார் மச்சான்.

போன் செய்து கேட்டேன். புதிய வகையில் ஊசியெல்லாம் போர்டில்தான் இருக்குமாம். பழைய போர்டில் இது உட்காரவே உட்காராதாம். அதற்குத்தான் மாடல் கேட்டாராம். சரிதான். தப்பு என் பேரில்.

ஜூலை 12

மறுபடி மதுரை. போர்டு வந்தாயிற்று.

ஜூலை 13

பழைய ராம் மெமரி புதுப் போர்டில் இறங்கவில்லை. அதன் அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. இதில் அது வேறு இடத்தில் வருகிறது. அமுக்கிப் பார்த்த மச்சானை அதட்டினேன். பவர் சப்ளையின் ஒயரும் போதாது போலிருக்கிறது.

"கேபினட்டையும் மானிட்டரையும் மாத்திட்டா பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு முழுசா மிச்சமாயிரும்" என்கிறார். சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் சண்டை போட்டேன்.

ஜூலை 14

மூன்றாவது தடவை மதுரை. இந்தத் தடவை எல்லா நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, "மொதல் நாளே இதைக் கொண்டாந்திருக்கலாம்லம்மா" என்றார். டீ வாங்கித் தந்தார்.

ஜூலை 15, வெள்ளி

ஓடுகிறது. ஓடுகிறது. தோகை எண்ணி நாலு நொடியில் ஜொலித்தது. அப்சானா கைதட்டினாள். அம்மா சிரித்ததைப் பார்த்துத்தான் தட்டினாள், இருந்தாலும் தட்டினாள்.

கேபினட்டில் ஒட்டியிருந்த லேபிள் ஷீட் கழற்றி மாட்டியதில் கிழிந்து போயிருந்தது. அதைப் பிய்த்துவிட்டுச் சாயங்காலம் புதிது ஒட்டினேன். பளபளவென்று லேமினேஷன் போட்டது, நானே செய்த புஸ்வாணப் பெட்டி லேபிள். இந்த ஊரில் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட வேஸ்ட் ஷீட் ஒட்டாத பொருள் எது இருக்கிறது? அரிசி டின், அலமாரித் தட்டு, பள்ளிக்கூட நோட்டு எல்லாவற்றிலும் அதுதான். பேப்பர் தூசி ஒரு பொடி உள்ளே போகக்கூடாது. பக்கம், பின்பக்கம், தலை எல்லாம் ஒட்டி, ஒயருக்கு மட்டும் ஓட்டை விட்டேன். மணப்பெண் மாதிரி இருக்கிறது.

ஜூலை 16

பத்து நிமிஷம். தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். ஏழு நிமிஷம். மறுபடி. ஐந்து. பிள்ளையார் படத்தில் பாதி போயே போச்சு, சேவ் செய்யவில்லை. ராம் கோளாறா? பவரா? ஊசி எதையாவது வளைத்துவிட்டேனா?

மூணு தடவை மதுரைக்கு அலைஞ்சு, இதுக்குத்தானா? எனக்கென்ன தெரியும்னு இந்த வேலைல கைய வச்சேன்? பேசாம பிரஸ்ஸுக்கே போயிருக்கலாம்.

மச்சான் வாயைத் திறந்திருந்தால் கடித்திருப்பேன்.

ஜூலை 17, ஞாயிறு

பக்கத்து வீட்டு வள்ளியக்கா உறை மோர் கேட்டு வந்தாள். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை. இன்று லீவு. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தாள். சொன்னேன். கம்ப்யூட்டர் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு — உடம்பில் இருக்கும் கரண்டு இறங்க கம்பெனியில் பழக்கிய பழக்கம் — கேபினட் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏ நசிமா, என்ன இம்புட்டுச் சூடு. இதுக்கு வாசல் எங்கன?"

"என்ன வாசல்?"

"எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஒரு வாசல்ல மூட்டையைச் சாத்தி வச்சாலே போர்மேன் வஞ்சு தள்ளிருவாரு. நீ என்னன்னா இதைப் பொட்டணம் கெட்டி வச்சிருக்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத் தகட்டில் வரிசையாக ஓட்டை, பின்னால் ஃபேன். எல்லாவற்றின் மேலும் என் புஸ்வாணம். பழைய புராசசர் மந்தம், அதிகம் சூடாகாது, பொறுத்துக்கொண்டது. புதியது வேகம், வெந்துபோய்த் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. காற்று போக வைத்த வழியை அழகுக்கு அடைத்த புத்திசாலி நான்.

இருவருமாக உட்கார்ந்து பிய்த்தோம். வள்ளியக்கா சிரித்த சிரிப்பில் மோரை மறந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 18

ஒன்பது மணி நேரம். அணையவில்லை.

ஜூலை 21

ஏழு படம். மக்கா, வேளாங்கண்ணி மாதா, ரோஜாப்பூவோடு ஒரு குழந்தை. எல்லாச் சாமியும் ஒரே ஹார்ட் டிஸ்கில் சமாதானமாக இருக்கிறார்கள்.

ஜூலை 25, திங்கள்

பன்னிரண்டு. மச்சான் பைக்கில் சி.டி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி, "சரி" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஆடி பதினெட்டு

பிரஸ்ஸில் பூசை. குங்குமம் வைத்த ஆல்பத்தை ஏஜெண்டுகள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் மயில் படத்தில் நின்றுவிட்டார். "இது யார் செஞ்சது?"

முதலாளி என்னைக் கைகாட்டினார். "நசிமா கம்பெனி."

கம்பெனியில் மொத்தம் ஒரே ஆள். நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

காலையில் முதலாளி போன்.

"நசிமா, இங்கன ஒன் எடத்துக்கு வேற பிள்ளைய எடுத்துட்டேன். திங்கக்கெழமை வருது."

ஆறு வருஷம் உட்கார்ந்த இடம். என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"டைரி அட்டை வேலை அம்புட்டும் ஒனக்குத்தான். நாளைக்கு வீட்டுக்கு ஆள் அனுப்புதேன்."

போனை வைத்துவிட்டு மச்சானிடம் சொல்ல ஓடினேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போனார்.

"என்ன, வேலை போச்சா?"

"இல்ல மச்சான். வீட்டுக்கே வந்துருச்சு."